மாமி காத்த வேதம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பூசைக்கு எழுப்பி அனுப்பியவர் பங்குச் சாமியார் அல்ல, கோவில் உபதேசியார் அல்ல, என் மனைவியும் அல்ல. ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குப் பின்கட்டை வாடகைக்கு விட்டிருந்த ஐயங்கார் மாமி. எங்கள் கதவை அவர் தொடமாட்டார். கிணற்றங்கரையில் நின்றுகொண்டு ஒரு விறகுக் கட்டையால் சுவரைத் தட்டுவார்.

"சார், இன்னிக்கு ஞாயித்துக்கெழமையோன்னோ? உங்க கோவிலுக்கு நாழியாகலையா?"

நான் போர்வைக்குள் இருந்தபடியே தலைவலி என்பேன். அப்படியா என்று அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, நேற்று சாயங்காலம் சைக்கிளில் சினிமாவுக்குப் போனபோது தலை நன்றாகத்தானே இருந்தது என்பார். அதற்கப்புறம் எவன் படுத்திருப்பான்? எழுந்து முகம் கழுவி, காவிரிப் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் இருந்த எங்கள் பங்குக் கோவிலுக்குப் போய்ச் சேருவேன். பூசை லத்தீனில் நடக்கும். எனக்கு ஒன்றும் புரியாது. கொட்டாவி விட்டுக்கொண்டே முழங்காலில் இருப்பேன். சாமியார் என் தவறாத வருகையைக் கவனித்து, சிறுபிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டினார். பக்தியுள்ள வாலிபன் என்று பிரசங்கத்தில் வேறு ஒரு தடவை சொல்லிவிட்டார். அந்தப் பக்தி ஸ்ரீரங்கத்தில் கிணற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

மாமியின் பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். தன் பெயர் நாலு பேர் வாயில் விழுவதை அவர் விரும்பியதில்லை. அதோடு, அவர் எங்களுக்காகச் செய்த ஒரு காரியம் அவர்கள் தெருவுக்குத் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

நாற்பதைத் தாண்டியிருப்பார். குழந்தை இல்லை. எந்நேரமும் ஈரத் தலை, மடிசார், இரண்டு மூக்கிலும் மூக்குத்தி. கணவர் மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். காலை பஸ்ஸில் போய் இருட்டும் நேரத்தில் வருவார். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அந்த வீட்டில் பேச்சு முழுவதும் ஒருவருக்கே சரியாகப் போய்விட்டது.

உலகத்தில் எத்தனை சாமிகள் என்ற விசாரமெல்லாம் மாமிக்குக் கிடையாது. பெருமாள் ஒருத்தர்தான், அவர் ஏழு மதிலுக்குள்ளே பள்ளிகொண்டிருக்கிறார், விஷயம் முடிந்தது. ஆனால் ஒருவன் வாயைத் திறந்து நான் இன்ன சாமியைக் கும்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டால், அந்தச் சாமிக்குச் செய்யவேண்டியதை அவன் சரியாகச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் மாமிக்குப் பொறுக்காது. அவன் யாராக இருந்தாலும் சரி. பாத்திரங்களுக்கு ஈயம் பூச டவுனிலிருந்து வரும் ராவுத்தர் ஒருநாள் ரம்ஜான் மாதத்தில், பகல் வேளையில், எங்களிடம் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கினார். வாயில் வைப்பதற்குள் மாமி பிடித்துவிட்டார்.

"பாய், நோம்பு இல்லையா?"

ராவுத்தர் வெலவெலத்துப் போய், இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று சொன்னார். காய்ச்சல் என்றால் பரவாயில்லை, விட்டுப்போன நோன்பைப் பின்னால் வைத்துவிடவேண்டுமாமே, மறக்காமல் வைத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார் மாமி. எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்துகூட இப்படி நிற்கவைத்துக் கேட்கமாட்டார் சார் என்று ராவுத்தர் என்னிடம் புலம்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் வந்தது.

மாமி வீட்டுக்கு நாங்கள் குடிவந்ததே ஒரு கூத்து. ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் எனக்கு வாத்தியார் வேலை. ஆற்றுக்கு அக்கரையில் பாலக்கரையில், மைத்துனன் வீட்டுக்கும் கோவிலுக்கும் பக்கத்தில் வீடு பார்க்கச் சொல்லி என் மனைவி லூர்து கெஞ்சினாள். கெஞ்சியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் மூத்த பிள்ளை, ஆண் குழந்தை, பிறந்த சில நிமிஷங்களில் போய்விட்டான். ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கு மோட்சம் கிடையாது, நரகமும் கிடையாது, லிம்பு என்று ஓர் இடம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மந்திரித்த மண்ணில் அவனைப் புதைக்க முடியாது என்று கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, கள்ளிச் செடிகளின் ஓரத்தில் புதைத்தோம். லூர்து அதிலிருந்து மீளவில்லை. அடுத்ததும் செத்துப்போகுமோ என்று அவள் பயந்ததைவிட, அடுத்ததும் மதிலுக்கு வெளியே போய்விடுமோ என்றுதான் பயந்தாள். அதனால்தான் கோவில் பக்கத்தில் வீடு கேட்டாள்.

நான் பார்த்தது என் கால் வலியை. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தால் காலையில் அரை மணி கூடத் தூங்கலாமே. இந்த மகத்தான காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. "சைக்கிள் இருக்கில்ல? ஒரு அவசரம்னா பாலத்தைத் தாண்டிப் போய் சாமியாரைக் கூட்டிட்டு வந்துட மாட்டேனா?" என்றேன். இதையே வேளைக்கு ஒரு தடவை சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

வீடு பார்க்கப் போன நாள் விபூதித் திருநாள். தபசுகாலம் ஆரம்பிக்கும் புதன்கிழமை. காலையில் சாமியார் என் நெற்றியில் பூசிய சாம்பலோடு போய் நின்றேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. கிறிஸ்தவன் என்பதால் சுருங்கியது என்று நினைத்தேன். இல்லை. நெற்றியில் விபூதி! திருமண் தவிர வேறொன்று அந்த வாசலுக்கு வந்ததில்லை போலிருக்கிறது. சைவாளா என்று கேட்டார். இல்லை, வேதக்காரர்கள் என்றேன். நீண்ட மூச்சு விட்டார். வேதக்காரனாக இருந்ததால் எனக்கு ஒரு நன்மை நடந்தது என்றால் அன்றைக்குத்தான்.

அடுத்த கேள்வி, மாமிசம் உண்டா என்பது. "இல்லீங்க மாமி, நாங்க மாமிசம் தொடறதில்லீங்க" என்றேன். பொய்யா? இல்லை. தபசுகாலம் முழுவதும் எங்கள் வீட்டில் கறி மீன் கிடையாது. நாற்பது நாள் கழித்து என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாமி சாவியைப் படியில் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன்.

பாஸ்கு வந்தது, ஈஸ்டர் பண்டிகை. ஊரெல்லாம் கிறிஸ்தவர்கள் வீட்டில் கறிக்குழம்பு கொதித்தது, எங்கள் வீட்டில் மட்டும் கத்தரிக்காய். உலகத்துக்கெல்லாம் தபசுகாலம் முடிந்தது, எனக்கு வருஷக்கணக்கில் நீடித்தது. பூசை முடிந்ததும் மைத்துனன் வீட்டுக்கு ஓடுவேன். ஆட்டுக்கறியை ஒரு பிடி பிடித்துவிட்டு, இரண்டு லவங்கத்தை வாயில் போட்டுக்கொண்டு, திரும்பும் வழியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் இறங்கி முங்கிக் குளித்து, தலை காயும்வரை காற்றில் நின்று, ஒரு பாவமும் அறியாதவன் மாதிரி வீட்டுக்கு வருவேன். மாமி என் சரியாகக் காயாத தலையைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைப்பார். ஏமாற்றிவிட்டோம் என்று எனக்குள் ஒரு பெருமை.

ரொம்ப நாள் கழித்துத்தான் லூர்து உண்மையைச் சொன்னாள். குடிவந்த மறுமாதமே, உங்கள் தபசு எப்போது முடியும் என்று மாமி அவளிடம் கேட்டுவிட்டாராம். பொய் சொல்லத் தெரியாத அவளும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வீட்டில் சமைக்காமல் இருந்தால் சரி, வெளியில் சாப்பிட்டால் குளித்துவிட்டு வரச்சொல் என்றாராம் மாமி. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க குளிக்க மாட்டீங்களே" என்றாள்.

ஜெபமாலை விஷயத்திலும் இதே கதிதான். பின்கட்டுக்கும் மாமியின் பூஜை அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சாயங்காலம் நாங்கள் முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னால் அங்கே கேட்கும். அவர் பாசுரம் சேவிப்பது எங்களுக்குக் கேட்கும். அவர் நிறுத்தி நிதானமாக, ஓர் எழுத்து சிதறாமல் சொல்வார். நான் சொன்னால் எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி இருக்கும். பசி வந்துவிட்டால் நடுவில் ஒரு பத்து மணியை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவேன். ஒருநாள் காலையில் மாமி கேட்டார்: "நேத்திக்கு உங்காத்து ஜபம் சீக்கிரமா முடிஞ்சுடுத்தே, சுவாமிக்கு எங்கேயாவது அவசரமா எழுந்தருளணுமா?" லூர்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து மணி குறையாமல் சொன்னேன். பரலோகத்தில் கேட்கிறதோ இல்லையோ, பக்கத்து அறையில் கேட்கிறதே.

இவ்வளவு சொல்வதால் மாமியைப் பரந்த மனசுக்காரர் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். கிணற்றில் எங்களுக்குத் தனி வாளி, தனிக் கயிறு. எங்கள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. திருக்கண்ணமுது என்று அவர் சொல்லும் பாயசத்தைக் கொடுத்தால் படியில் வைத்துவிட்டு விலகி நிற்பார். ஜீயபுரத்திலிருந்து லூர்துவின் சித்தப்பா கொண்டுவந்த வாழைத்தாரில் ஒரு சீப்பைக் கொடுத்தபோது அதன்மேல் தண்ணீர் தெளித்துத்தான் எடுத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒருநாள் பொறுக்காமல், எங்கள் வேதத்தில் இதெல்லாம் கிடையாது, சர்வேசுரன் முன்னால் எல்லாரும் சமம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

மாமி யோசித்தார். "அப்படியா? உங்க பொறந்த ஊர்க் கோவில்ல இன்ன ஜாதி இந்தப் பக்கம், இன்ன ஜாதி அந்தப் பக்கம்னு நடுவுல கம்பி அழி போட்டிருக்கறதா லூர்து சொன்னாளே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். அன்று சனிக்கிழமை.

லூர்து மறுபடி உண்டானபோது எங்களுக்கு அடுத்தபடியாக அதைத் தெரிந்துகொண்டவர் மாமிதான். மூத்தவனைப் பற்றியும் மதிலைப் பற்றியும் லூர்து அவரிடம் சொல்லி அழுதிருக்கிறாள். மாமி என்னைக் கூப்பிட்டு, அந்த ஸ்நானத்தை யார் செய்துவைக்க வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்றெல்லாம் விசாரித்தார். நான் பெரிய மனுஷன் தோரணையில், அதற்குக் குரு வரவேண்டும், சைக்கிள் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றேன். மாமிக்கு என் சைக்கிள்மேல் நம்பிக்கை ஏற்பட்டதாகத் தெரியவில்லை. பாலம் இருக்கிறதே சார், ஐப்பசியில் காற்று தள்ளுமே என்றார்.

ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. மாதம் நிறையவில்லை. மத்தியானம் நான் வகுப்பில் இருந்தபோது மாமியின் கணவர் சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்றார். அன்று பார்த்து மழையில் மண்ணச்சநல்லூர் பஸ் வரவில்லை. அவர் என்னிடம் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்: "சார், ஆத்துக்கு உடனே வாங்கோ."

ஓடினேன். நர்ஸம்மாவை அழைக்கப் போன ஆள் இன்னும் வரவில்லை. எங்கள் பின்கட்டுக்குள் அதுவரை காலெடுத்து வைக்காத மாமி உள்ளே, லூர்துவின் கால்மாட்டில், இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் குழந்தை. பெண். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும். நீலம் பாரித்திருந்தது. அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி எப்போதாவது ஒரு சத்தம்.

லூர்து என்னைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னாள். "ஞானஸ்நானம்."

"இதோ" என்றேன். சைக்கிளை எடுத்தேன். பறந்தேன். பின்னாலிருந்து அவள் கத்தியது கேட்டது. சீக்கிரம் போகச் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாக மிதித்தேன்.

பாலத்தில் எதிர்காற்று. தொப்பி பறந்தது, வேஷ்டி செயினில் மாட்டிக் கிழிந்தது, ஒரு மாட்டுவண்டியில் மோதிக் கீழே விழுந்து எழுந்தேன். வீரன் மாதிரி இருந்தது எனக்கு. வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததைச் செய்துகொண்டிருக்கிறேன் அல்லவா? மூச்சிரைக்கச் சாமியார் பங்களாவில் போய் விழுந்து, குழந்தை சாகக் கிடக்கிறது சாமி, உடனே வாருங்கள் என்றேன்.

சாமியார் எழுந்துகொண்டே கேட்டார். "நீ ஊத்திட்டியா?"

"என்ன சாமி?"

"தண்ணி ஊத்திட்டியா? ஞானஸ்நானம் குடுத்துட்டுத்தானே வந்தே?"

நான் விழித்தேன். சாமியார் என்னையே பார்த்தார். "சாவு ஆபத்துல யார் வேணும்னாலும் குடுக்கலாம்னு போன மாசம் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினது நீதானேப்பா?" என்றார்.

நான்தான். கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்து, மந்திரத்தை ஒப்பிக்கச் சொல்லி, தப்பாகச் சொன்ன ஒரு வாண்டின் காதைத் திருகியது நான்தான். குரு இல்லாத இடத்தில் ஆண், பெண், கிறிஸ்தவன், கிறிஸ்தவன் அல்லாதவன், யார் ஊற்றினாலும் செல்லும் என்று முழங்கியதும் நானேதான். லூர்து கத்தியது, நில்லுங்கள், நீங்களே ஊற்றுங்கள் என்று. தண்ணீர்ச் செம்பு என் காலடியில் இருந்தது. அதைத் தாண்டிக்கொண்டுதான் சைக்கிளுக்கு ஓடியிருக்கிறேன்.

ஜட்காவில் நானும் சாமியாரும் திரும்பினோம். அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். குதிரை நடந்தது. எனக்குப் பாலம் முடியவே இல்லை. இந்தக் குழந்தையும் மதிலுக்கு வெளியேதான் என்று நினைத்துக்கொண்டே போனேன். வெளியே போகப் போவது என்னால் என்பதையும் நினைத்துக்கொண்டே போனேன்.

வீட்டில் நுழைந்தபோது நர்ஸம்மா வந்திருந்தார். குழந்தைக்கு மூச்சு இருந்தது. லூர்து கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகத்தில் பயம் இல்லை. கிணற்றங்கரையில் மாமி வாளி வாளியாகத் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். நான் ஓடியதும் லூர்து எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் விழுந்திருக்கிறாள். மாமி, நீங்கள் ஊற்றுங்கள், யார் ஊற்றினாலும் செல்லும் என்று கெஞ்சியிருக்கிறாள். நீ மந்திரத்தைச் சொல், நான் ஊற்றுகிறேன் என்றாராம் மாமி. அப்படிச் செய்தால் செல்லாது, ஊற்றுகிறவர்தான் சொல்லவேண்டும் என்றாள் இவள். மாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாராம். சுவருக்கு அந்தப் பக்கம் பெருமாள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்புறம் கேட்டாராம், தலையிலா நெற்றியிலா, எத்தனை தடவை, ஊற்றும்போதே சொல்ல வேண்டுமா ஊற்றிவிட்டா என்று. என்ன பேர் என்றும் கேட்டிருக்கிறார். உங்கள் வாயில் வருகிற பேரை வையுங்கள் என்றாளாம் லூர்து. "அதெல்லாம் தப்பு. உங்களவா பேர்தான் வெக்கணும், சொல்லு" என்றாராம் மாமி. மரியாள் என்று சொன்னாள். மந்திரத்தை லூர்து ஒரு தடவை சொல்ல, மாமி ஒத்திகை மாதிரி ஒரு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு, பிறகு தண்ணீரை ஊற்றி, மரியாளே, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று ஓர் எழுத்து பிசகாமல் சொல்லியிருக்கிறார்.

சாமியாருக்கு இதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. புடவை மாற்றிக்கொண்டு ஈரத்தலையோடு வந்து எட்டி நின்ற மாமியிடம், என்ன சொல்லி ஊற்றினீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். மாமி சொல்லிக் காட்டினார். சாமியார் தலையசைத்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"ஊத்தும்போது மனசுல என்ன நெனச்சுக்கிட்டீங்கம்மா?"

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்னத்தை நெனைக்கறது? உங்க கோவில்ல நீங்க என்ன பண்ணுவேளோ அதைத்தான் பண்ணினேன். ஏதாவது கொறை இருந்தா சொல்லுங்கோ, இன்னொரு தரம் சரியாப் பண்ணிடறேன்."

"கொறை ஒண்ணும் இல்லம்மா" என்றார் சாமியார். "இன்னொரு தரம் பண்ணக்கூடாது. இது ஒரு தரம்தான்." ஜட்காவில் ஏறும்போது என்னிடம் சொன்னார். ஞானஸ்நானம் செல்லுவதற்கு ஊற்றுகிறவர் மனசில் என்ன எண்ணம் இருக்கவேண்டும் என்று குருமடத்தில் தடித் தடிப் புத்தகங்களை வைத்துப் படித்தாராம். திருச்சபை செய்வதை நானும் செய்கிறேன் என்ற எண்ணம் போதும் என்பதுதான் அத்தனையும் படித்துக் கண்ட முடிவாம். "அந்தம்மா ஒரு வரியில சொல்லிட்டாங்க. நீ அடுத்த வாரம் பாடம் நடத்தவேணாம், பின்னால உக்காந்து கேளு" என்றார்.

மாமி அன்றைக்கே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். தெருவுக்குத் தெரிந்தால் கோயிலுக்கு எப்படிப் போவேன், எந்த முகத்தோடு பெருமாளைச் சேவிப்பேன் என்றார். அப்போதுதான் அவர் எதைப் பணயம் வைத்தார் என்று எனக்கு உறைத்தது. அவருக்கு முன்னால் எனக்கு நிற்கக் கூசியது.

குழந்தை மறுநாள் விடியும்வரை இருந்தது. லூர்துவின் மார்பில் கிடந்தபடியே போய்விட்டது.

நானும் மைத்துனனும் எடுத்துக்கொண்டு போனோம். கல்லறைத் தோட்டத்து வாசலில் குழி வெட்டுகிறவர், பெட்டியின் சின்ன அளவைப் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஞானஸ்நானம் ஆச்சுங்களா?" ஆச்சு என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடிந்ததற்காக அங்கேயே அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது. அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். ஒரு வேப்பமரத்துக்குக் கீழே நல்ல இடமாகப் பார்த்து வெட்டினார். சாமியார் வந்து மந்திரித்தார். எல்லாம் முறையாக நடந்தது.

வீட்டுக்கு வந்தபோது மாமி பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அங்கேயே நிற்கிறார் என்று அவர் கணவர் சைகையால் காட்டினார். நான் துக்க வீட்டுக்காரன், நேரே இடுகாட்டிலிருந்து வருகிறேன், இன்னும் குளிக்கவில்லை. மாமி அதையெல்லாம் பார்க்கவில்லை.

"உள்ளதானே சார்?" என்றார்.

"உள்ளதான் மாமி. வேப்பமரத்தடியில."

மாமி கண்ணை மூடிக் கும்பிட்டார். யாரை என்று எனக்குத் தெரியாது. அதோடு உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ மூத்தவன் மட்டும் வெளியில தனியாவா இருக்கான்?" என்று கேட்டார்.

ஞானோபதேசம் நடத்தியவன் நான். ஆமாம் மாமி என்றேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்.